கண்ணாடி ஏன் வியர்க்கிறது? லண்டன் குளிரில் ஜன்னல் ஈரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைப்போம். அந்த வாரத்திலேயே எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். நர்ஸ் வேலைக்கு வந்தவர்கள், படிக்க வந்த பிள்ளைகள், கைக்குழந்தையோடு வந்த குடும்பங்கள் என்று முதல் குளிர்காலத்தைப் பார்க்கிறவர்கள்தான் அதிகம். நான் இங்கே இருபது குளிர்காலம் கழித்துவிட்டேன். அதில் முதல் ஆறு, சுவரெல்லாம் பூஞ்சை பிடித்த ஒரு வாடகை வீட்டில். அங்கே பட்டுத் தெரிந்துகொண்டதையும் பிறகு பல வீடுகளில் பார்த்ததையும் சேர்த்து, திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை அவரவர் கேட்டபடியே எழுதிவைக்கிறேன். எண் போட்டிருப்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் பார்க்கலாம்.

1. "காலைல எழுந்தா ஜன்னல் பூரா தண்ணி. மழைத் தண்ணி உள்ளே ஒழுகுதா அக்கா?"

பெரும்பாலும் இல்லை. அது வீட்டுக்குள்ளேயே பிறந்த தண்ணீர். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பை மேசையில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் அதன் வெளிப்புறம் முத்து முத்தாக வியர்க்கும். சொம்பு ஓட்டை என்று யாரும் நினைப்பதில்லை. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நீராவி, குளிர்ந்த இடத்தைத் தொட்டதும் தண்ணீராக மாறுகிறது. குளிர்காலத்தில் வீட்டில் எல்லாவற்றையும்விடக் குளிர்ந்திருப்பது ஜன்னல் கண்ணாடி என்பதால் முதலில் அங்கே படிகிறது.

20 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியை வைத்துக்கொள்ளும். 10 டிகிரியில் 9 கிராமுக்குச் சற்று மேல், 0 டிகிரியில் 5 கிராம்கூட இல்லை. காற்று குளிரக் குளிர, தாங்க முடியாத மிச்சத்தைக் கீழே விட்டுவிடுகிறது. அது நடக்கும் சூட்டைத்தான் பள்ளியில் பனிநிலை என்று படித்தோம். அறை 20 டிகிரியும் ஈரப்பதம் 60 சதவீதமும் இருந்தால் பனிநிலை 12 டிகிரி. கண்ணாடி அதற்குக் கீழே போனால் வியர்க்கும். ஆக, ஒன்று காற்றில் ஈரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது கண்ணாடியின் சூட்டைக் கூட்ட வேண்டும். கீழே உள்ள எல்லாப் பதில்களும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

2. "ஊர்ல இப்படி ஒன்னைப் பார்த்ததே இல்லையே. சென்னைல இதைவிட ஈரக்காத்து இல்லையா?"

நிச்சயம் அதிகம். ஆனால் அங்கே சுவர், கண்ணாடி, காற்று எல்லாம் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கின்றன. ஜன்னலும் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். நீராவி படிவதற்குக் குளிர்ந்த இடமே இல்லை.

ஆனால் ஏசி பஸ்ஸில் இரவு பயணம் போனவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியின் வெளிப்புறத்தில் தண்ணீர் கோடு கோடாக வழியும். அங்கே உள்ளே குளிர், வெளியே ஈர வெக்கை. இங்கே அது தலைகீழ், அவ்வளவுதான்.

3. "நாங்க நாலு பேர்தான். அவ்வளவு தண்ணி காத்துல எப்படிச் சேரும்?"

நான்கு பேர் வாழும் வீட்டில் மூச்சு, வியர்வை, சமையல், குளியல், துணி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்து லிட்டரும் அதற்கு மேலும் காற்றில் கலக்கிறது. தூங்கும்போதுகூட இரண்டு பேர் ஒரு ராத்திரியில் அரை லிட்டருக்கு மேல் மூச்சிலும் வியர்வையிலும் விடுகிறோம். கதவைச் சாத்திக்கொண்டு படுக்கும் சின்னப் படுக்கையறையில் அது எங்கே போகும்?

ஒரு டிசம்பர் காலையில் எங்கள் படுக்கையறை ஜன்னலைப் பழைய துண்டால் துடைத்து, அளவுக் கோப்பையில் பிழிந்து பார்த்தேன். ஜன்னல் கட்டையில் தேங்கியதையும் சேர்த்து 180 மில்லி இருந்தது. ஒரே ஜன்னல், ஒரே ராத்திரி. ஒரு டம்ளர் தண்ணீர். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஜன்னலைத் திட்டுவதை விட்டுவிட்டு எங்கள் பழக்கங்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

4. "எவ்வளவு ஈரம் இருந்தா சரி? அதை எப்படிக் கண்டுபிடிக்கறது?"

ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்குங்கள். சூடும் ஈரப்பதமும் காட்டும் சின்னப் பெட்டி, பத்து பவுண்டுக்குள் கிடைக்கும். வேறு எதை வாங்குவதற்கு முன்னும் இதை வாங்குங்கள் என்பேன். 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. கடுங்குளிர் நாட்களில் 50-ஐ ஒட்டி வைத்தால் ஜன்னலும் தப்பிக்கும். நாள் கணக்காக 70-க்கு மேல் நின்றால் கண்ணாடியில் மட்டுமல்ல, சுவர் மூலைகளிலும் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

முதல் வாரம் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய்ப் பாருங்கள். எங்கள் வீட்டு ஹாலில் 52 காட்டிக்கொண்டிருந்தது, துணி காயப்போட்ட இரண்டு மணி நேரத்தில் 71-க்குப் போனது. அதன் பிறகு வீட்டில் யாருக்கும் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

5. "குளிர்ல ஜன்னலைத் திறந்தா சூடெல்லாம் போயிடுமே. ஹீட்டிங் பில் யார் கட்டறது?"

நியாயமான பயம்தான், ஆனால் கணக்குப் போட்டால் தெளிந்துவிடும். வீட்டின் சூடு காற்றில் கொஞ்சமும், சுவர், தரை, கட்டில், சோபாவில் நிறையவும் இருக்கிறது. இரண்டு படுக்கையறை வீட்டில் 150 கன மீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். அத்தனையும் வெளியே போய், 5 டிகிரிக் காற்று வந்து, அதை 20 டிகிரிக்குச் சூடாக்க முக்கால் யூனிட் போதும். கேஸ் ஹீட்டிங்கில் அது சில பென்ஸ்.

அதனால் காலையில் எழுந்ததும் எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறந்து, ஐந்திலிருந்து பத்து நிமிடத்தில் சாத்திவிடுங்கள். ஜெர்மனியில் இந்தப் பழக்கத்துக்கு ஸ்டோஸ்லூஃப்டன் என்று தனிச்சொல்லே உண்டு. நாள் பூராவும் ஒரு ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து வைப்பதுதான் செலவு. அப்போது பக்கத்துச் சுவரும் குளிர்ந்து, ஈரம் படிய இன்னொரு இடம் கிடைத்துவிடும்.

6. "வெளியே மழை. ஈரப்பதம் 95னு போன்ல காட்டுது. இப்பத் திறந்தா ஈரம் உள்ளேதானே வரும்?"

நான் கேட்ட சந்தேகங்களிலேயே அதிகம் பேரைத் தடுத்து நிறுத்துவது இதுதான். சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். வெளியே 5 டிகிரி, 95 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டரில் இருப்பது ஆறரை கிராம் நீராவி. உங்கள் அறையில் 20 டிகிரி, 60 சதவீதம் என்றால் பத்து கிராமுக்கு மேல். மழைக் காற்றில்தான் ஈரம் குறைவு! அது உள்ளே வந்து சூடானதும் அதன் ஈரப்பதம் 40-க்கும் கீழே போய்விடும். சாரல் உள்ளே அடிக்காத பக்கமாகப் பார்த்து தைரியமாகத் திறங்கள்.

வெளியே 16, 17 டிகிரியில் புழுங்கும் செப்டம்பர் மழைக்கு மட்டும் இது பொருந்தாது. அப்போது உள்ளே வரும் காற்றிலும் ஈரம் அதிகம்.

7. "நம்ம சமையலே ஆவிதான். சோறு, இட்லி, ரசம். சமைக்காம இருக்க முடியுமா?"

சமையுங்கள். நம் சமையலை விட்டுவிட்டு வாழ வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆவி பிறந்த இடத்திலேயே வெளியே போக வேண்டும், ஹாலுக்கும் படுக்கையறைக்கும் பரவக்கூடாது, அவ்வளவுதான். சமையலறைக் கதவைச் சாத்துங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை அடுப்பு பற்றவைக்கும்போதே போடுங்கள். குழம்பு கொதித்த பிறகு போட்டால் ஆவி அதற்குள் மாடி ஏறியிருக்கும். அடுப்பை அணைத்த பிறகும் கால் மணி நேரம் ஓடட்டும். ஃபேன் இல்லாவிட்டால் சமையலறை ஜன்னலை நாலு விரல் திறந்து வையுங்கள்.

பாத்திரத்துக்கு மூடி போட்டாலே பாதி வேலை முடியும். சோறு வடிக்கிறவர்கள் கஞ்சியை சிங்க்கில் ஊற்றும்போது எழும் ஆவியைக் கவனியுங்கள்: மேகம் மாதிரி கூரையில் மோதும், மறு நிமிடம் ஜன்னலில் இருக்கும். குக்கரில் வைத்தால் அந்த ஆவி பெரிதும் குறையும். இட்லிப் பானையை மேசைக்குக் கொண்டுபோய்த் திறக்காமல் அடுப்பின் மேலேயே, ஃபேன் ஓடும்போதே திறங்கள். பால் காய்ச்சுவது, டீ போடுவதெல்லாம் சின்ன விஷயம், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

கேஸ் அடுப்பில் சுடரே தண்ணீரைப் பிறப்பிக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு கன மீட்டர் கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் நீராவி வரும். அதனால் வெறும் தோசைக்கல் வைத்தாலும் ஃபேன் ஓட வேண்டும். மண்ணெண்ணெய், சிலிண்டர் கேஸ் ஹீட்டர்களிலும் இதே கதைதான்: ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உங்கள் அறையில். ஈரம் உள்ள வீட்டில் அவை வேண்டவே வேண்டாம்.

8. "ஹூட் போட்டுத்தான் சமைக்கறேன். ஆனாலும் கண்ணாடி அப்படியே இருக்கே?"

உங்கள் ஹூட், அதாவது அடுப்புக்கு மேலே இருக்கும் சிம்னி, காற்றை வெளியே தள்ளுகிறதா என்று முதலில் பாருங்கள். வாடகை ஃபிளாட்டுகளில் பல ஹூட்கள் காற்றை இழுத்து, கரி ஃபில்டர் வழியே விட்டு, அதே அறைக்குள் திருப்பி ஊதுகின்றன. வாசனையும் எண்ணெயும் ஓரளவு குறையும், நீராவி அப்படியே திரும்பி வரும்.

ஹூட்டுக்கு மேலே சுவரையோ கூரையையோ நோக்கிக் குழாய் போகிறதா, வெளிச்சுவரில் அதற்கு வாய் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால், ஹூட்டின் மேல்பக்கத்துத் துளைகளில் கை வைத்துப் பார்த்தால் காற்று முகத்தில் அடிக்கும். அப்படியானால் ஜன்னலைத்தான் நம்ப வேண்டும்.

9. "பாத்ரூம் ஃபேன் ஓடுது, சத்தமும் வருது. அது போதும்தானே?"

சத்தத்தை நம்பாதீர்கள். ஒரு டிஷ்யூ தாளைக் கிழித்து ஃபேன் வலையில் ஒட்டவையுங்கள். பிடித்துக்கொண்டு நின்றால் நல்லது. விழுந்துவிட்டால் அது சும்மா சுற்றுகிறது. பாதி நேரம் காரணம் தூசிதான். கரண்டை அணைத்து, வலையைக் கழற்றி, பழைய டூத் பிரஷால் தட்டிவிட்டால் பலமாக இழுக்கும். இங்கிலாந்தின் கட்டட விதிப்படி குளியலறை ஃபேன் நொடிக்கு 15 லிட்டர் காற்றையாவது வெளியேற்ற வேண்டும்.

ஃபேன் இழுக்க வேண்டுமானால் காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். கதவுக்கடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். குளிர் வருகிறதே என்று அங்கே துணி சொருகாதீர்கள். குளித்து முடித்ததும் கதவைச் சாத்திவிட்டு வெளியே வாருங்கள், ஃபேன் இன்னும் இருபது நிமிடம் ஓடட்டும். சுவர் டைல்ஸில் இருக்கும் தண்ணீரை வழித்து விட்டால் அவ்வளவும் காற்றில் ஏறாமல் சாக்கடைக்குப் போகும். பக்கெட்டில் குளிப்பவர்கள் பச்சைத் தண்ணீரை முதலில் விட்டுப் பிறகு சுடுதண்ணீர் விட்டால் ஆவி நன்றாகக் குறையும்.

10. "துணியை வெளியே காயப்போட வழியில்லை. ரேடியேட்டர்ல போடாம வேற எங்கே போடறது?"

ஒரு தடவை மெஷினில் போட்ட துணியில் ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீர் மிச்சம் இருக்கும். காய்ந்துவிட்டது என்றால் அந்த இரண்டு லிட்டர் உங்கள் வீட்டுக் காற்றில் இருக்கிறது என்று பொருள். சுவரை ஒட்டிய வெந்நீர் ஹீட்டரான ரேடியேட்டர் மேல் போட்டால் அது ஒரேயடியாகக் காற்றில் ஏறும். போதாததற்கு அறைக்கு வரவேண்டிய சூட்டையும் துணி மறைக்கும்.

ஒரே ஒரு அறையைத் துணிக்கென்று ஒதுக்குங்கள். குளியலறை நல்லது. கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டோ ஜன்னலைக் கொஞ்சம் திறந்தோ காயவையுங்கள். மெஷினில் கடைசியாக இன்னொரு முறை 1400 சுற்றில் பிழியவிடுங்கள். கையில் எடுக்கும்போதே வித்தியாசம் தெரியும். டம்பிள் டிரையர் இருந்தால் அதன் குழாய் வெளியே போகிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கும் வகை என்றால் குழாய் வேண்டாம். படுக்கையறையில் மட்டும் துணி காயப்போடாதீர்கள். ராத்திரி நம் மூச்சே அதற்குப் போதும்.

11. "டீஹியுமிடிஃபையர் வாங்கலாமா? எது?"

இது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தொட்டியில் சேர்க்கும் மெஷின். 7-லிருந்து 10 வரை சொன்னதைச் செய்த பிறகும் மீட்டர் 60-க்குக் கீழே இறங்காவிட்டால் வாங்குங்கள். துணியை உள்ளேயே காயவைக்கும் குடும்பத்துக்கு இது செலவல்ல, முதலீடு. இரண்டு வகை உண்டு. கம்ப்ரஸர் வகை ஃப்ரிட்ஜ் மாதிரி வேலை செய்யும், கரண்ட் குறைவு, சூடாக வைத்திருக்கும் அறைக்கு ஏற்றது. டெஸிகன்ட் வகை கரண்டை அதிகம் தின்னும், ஆனால் ஹீட்டிங் இல்லாத குளிர் அறையிலும் நன்றாக இழுக்கும்.

அட்டைப் பெட்டியில் 12 லிட்டர், 20 லிட்டர் என்று போட்டிருப்பது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் அளந்தது. நம் வீட்டில் ஜனவரியில் அதைவிட மிகக் குறைவாகத்தான் வரும். அதைப் பார்த்து மெஷின் பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். 200 வாட் மெஷின் எட்டு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல். அந்தக் கரண்ட் முழுவதும் சூடாக அறைக்கே திரும்புகிறது என்பதால் எனக்கு அது வீணாகத் தோன்றியதில்லை. ஓடும்போது அந்த அறையின் ஜன்னலைச் சாத்திவையுங்கள், இல்லாவிட்டால் தெருவின் ஈரத்தையும் சேர்த்து இழுக்கும்.

12. "உப்பு, அரிசி, கரி எதையாவது கிண்ணத்துல வெச்சா ஈரத்தை இழுத்துடுமாமே?"

சாப்பாட்டு உப்பும் அரிசியும் இந்த வேலைக்கு உதவாது. கடையில் விற்கும் கால்சியம் குளோரைடு டப்பா உண்மையிலேயே இழுக்கும், ஆனால் வாரக்கணக்கில் சில நூறு மில்லி. 3-ஆம் கேள்வியில் சொன்ன பத்து லிட்டரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அலமாரிக்குள், பெட்டிக்குள் வைக்கலாம். கண்ணாடியில் ஷேவிங் நுரையோ சோப்போ தடவினால் புகைமூட்டம் தெரியாது, ஈரம் அப்படியேதான் இருக்கும்.

13. "ராத்திரி ஹீட்டிங்கை மொத்தமா அணைச்சிடறோம். பயன்படுத்தாத ரூம்லயும் போடறதில்லை. தப்பா?"

பணம் இறுகும்போது எல்லோரும் செய்வதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாயங்காலம் நன்றாகச் சூடாக்கி, சமைத்து, குளித்து, ராத்திரி திடீரென்று அணைத்தால் காற்றில் ஏறிய ஈரம் முழுவதும் அதிகாலையில் கண்ணாடிக்கு வரும். ஏற்றி இறக்குவதைவிடக் குறைந்த சூட்டில் சீராக வைப்பது சுவருக்கும் கண்ணாடிக்கும் நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்கிறது. இரவில் 15, 16-க்குக் கீழே போகாதபடி தெர்மோஸ்டாட்டை வைத்தாலே நிறைய மாறும்.

பயன்படுத்தாத அறையில் ரேடியேட்டரின் திருகை 1-லாவது வையுங்கள், கதவைச் சாத்துங்கள். "கொஞ்சம் சூடு போகட்டும்" என்று திறந்துவைத்தால் சூட்டைவிட ஈரம் முதலில் போய்ச் சேரும். வீட்டிலேயே குளிர்ந்த அறைக்குத்தான் எல்லா நீராவியும் விருந்தாளியாகப் போகும்.

14. "கனமான திரை போட்டா கண்ணாடி சூடா இருக்கும்தானே?"

அறை சூடாக இருக்கும், கண்ணாடி இன்னும் குளிரும். அறையின் சூடு கண்ணாடியைத் தொடாமல் திரை தடுக்கிறது, ஆனால் நீராவி ஓரங்கள் வழியே பின்னால் போய்விடும். திரை போட்ட ஜன்னல் காலையில் அதிகம் நனைந்திருப்பது அதனால்தான். குளிருக்குத் திரை வேண்டும், எடுக்கச் சொல்லவில்லை. ரேடியேட்டரை மூடித் தொங்காமல் ஜன்னல் கட்டை அளவோடு நிற்கட்டும், விடிந்ததும் விலக்கிக் காற்று படவிடுங்கள். ஜன்னலுக்கு அடியில் ரேடியேட்டர் வைத்திருப்பதே கண்ணாடியைச் சூடாக்கத்தான். அதன் முன்னால் சோபா போட்டால் அந்த வேலை கெட்டுவிடும்.

15. "டபுள் கிளேஸிங் போட்டா பிரச்சினை தீர்ந்துடுமா?"

டபுள் கிளேஸிங் என்பது நடுவில் இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி. கண்ணாடிக்கு உதவும். வெளியே 0 டிகிரி, உள்ளே 20 என்றால் ஒற்றைக் கண்ணாடியின் உள்பக்கம் சுமார் 5 டிகிரியில் இருக்கும். பழைய டபுள் கிளேஸிங்கில் 12, 13. இன்றைய நல்ல ஜன்னலில் 17 வரை. 1-ஆம் பதிலில் சொன்ன 12 டிகிரிப் பனிநிலையை வைத்துப் பார்த்தால் எது வியர்க்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம். வாடகை வீட்டில் மாற்ற முடியாதவர்கள் ஜன்னல் சட்டத்தில் ஒட்டி ஹேர் டிரையரால் இழுத்துவிடும் பிளாஸ்டிக் தாளை வாங்கலாம். முதலில் கண்ணாடியை நன்றாகக் காயவைத்துவிட்டு ஒட்டுங்கள். தீ விபத்தில் தப்பிக்கும் வழியாக இருக்கும் ஜன்னலை ஒட்டி மூடாதீர்கள்.

ஆனால் ஈரம் எங்கேயும் போய்விடாது. பழைய ஜன்னலின் இடுக்குகள் வழியே கசிந்த காற்றும் நின்றுபோவதால், ஈரம் அடுத்த குளிர்ந்த இடமான வெளிச்சுவர் மூலையைத் தேடும். ஜன்னல் மாற்றிய மறு வருடம் பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை வந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சட்டத்தின் மேலே இருக்கும் சின்னத் திறப்பை, ட்ரிக்கிள் வென்ட் என்பார்கள், டேப் ஒட்டி அடைக்காதீர்கள். இங்கிலாந்தில் 2022 ஜூனில் வந்த விதிப்படி, ஜன்னல் மாற்றும்போது வீட்டின் காற்றோட்டம் முன்பைவிட மோசமாகக்கூடாது. மேசை, பீரோ, கட்டில் எல்லாவற்றையும் வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

16. "ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல தண்ணி. துடைக்கவே முடியலை."

அது உங்கள் பழக்கத்தால் வந்ததல்ல. இரண்டு கண்ணாடியையும் ஒட்டிய சீல் போய்விட்டது. முழு ஜன்னலையும் மாற்றத் தேவையில்லை. சட்டம் நன்றாக இருந்தால் கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றலாம்.

17. "சட்டத்துல கறுப்பா புள்ளி புள்ளியா வந்திருக்கு. பெயிண்ட் அடிச்சிடலாமா?"

அடிக்காதீர்கள். அது பூஞ்சை, பெயிண்டைத் தள்ளிக்கொண்டு மறுபடி வரும். பூஞ்சைக்குத் தண்ணீர் வழிய வேண்டிய அவசியம்கூட இல்லை; சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80-க்கு மேல் பல நாள் நின்றாலே முளைக்கும். கையுறை, மாஸ்க் போட்டு, ஜன்னலைத் திறந்து, பூஞ்சை நீக்கித் திரவம் தெளித்துப் பாட்டிலில் சொன்ன நேரம் விட்டு ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்தபடி பிரஷ் போட்டால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். பிளீச் பயன்படுத்தினால் வினிகரோடோ வேறு கிளீனரோடோ கலக்கவே கூடாது, விஷவாயு வரும்.

குழந்தை, ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அவர்களை வேறு அறையில் வைத்துவிட்டுச் செய்யுங்கள். தொட்டிலை ஜன்னல் பக்கத்திலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் இன்றைக்கே நகர்த்துங்கள். ஒரு வீட்டில் தொட்டில் மெத்தையைத் தூக்கினேன்: சுவர்ப் பக்கத்து ஓரம் முழுக்கப் பச்சை. மேலே விரித்திருந்த துணி வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்த அம்மாவின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

18. "வீட்டுக்காரர் 'உங்க சமையலாலதான்'னு சொல்லிட்டு வெச்சிடறார். என்ன செய்ய?"

பழக்கத்தைச் சரிசெய்வது நம் பங்கு. ஓடாத ஃபேன், வேலை செய்யாத ஹீட்டிங், ஒழுகும் கூரை, உடைந்த ஜன்னல் அவர் பங்கு. சமைப்பதும் குளிப்பதும் குற்றமல்ல, வீடு அதைத் தாங்க வேண்டும். போனில் பேசாமல் மின்னஞ்சலில் எழுதுங்கள். தேதியோடு படங்கள், ஒரு வாரத்துக்கான மீட்டர் அளவுகள், ஃபேனில் டிஷ்யூ நிற்காத வீடியோ எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். வாடகை வீடு குடியிருக்கத் தகுதியாக இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் 2018-இல் சட்டம் இயற்றியிருக்கிறார்கள், ஈரமும் பூஞ்சையும் அதில் அடக்கம். பதில் வராவிட்டால் உள்ளூர் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்குச் சொல்லலாம். வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள், வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும்.

இங்கிலாந்தின் ரோச்டேல் ஊரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டில் இருந்த பூஞ்சையே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு சொன்னது. அந்தக் குடும்பம் பல தடவை புகார் செய்திருந்தது. வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் பெயிண்ட் அடிக்கச் சொன்னார்கள். அவன் பெயரில் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளில், அதாவது கவுன்சிலோ ஹவுஸிங் அசோசியேஷனோ வாடகைக்கு விடும் வீடுகளில், நடைமுறையில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 24 மணி நேரத்தில் நடவடிக்கை, கடுமையான ஈரம், பூஞ்சை என்றால் 10 வேலை நாட்களுக்குள் வந்து ஆராய வேண்டும். கவுன்சில் வீட்டிலோ ஹவுஸிங் அசோசியேஷன் வீட்டிலோ இருப்பவர்கள் கடிதத்தில் அவாப் சட்டம் என்ற பெயரைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

19. "டொரோன்டோல என் தங்கச்சி காத்துல ஈரம் பத்தலைனு ஹியுமிடிஃபையர் ஓட்டறா. நாங்க மட்டும் ஏன் குறைக்கணும்?"

6-ஆம் கணக்கை மைனஸ் 15-க்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் காற்றில் ஈரமே இருக்காது. உள்ளே வந்து சூடானதும் உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் வரும். அதனால் அவர்கள் சேர்க்கிறார்கள். ஆனால் அங்கே கண்ணாடி இன்னும் குளிர்ந்திருக்கும், ஆகவே நாம் நல்லது என்று சொல்லும் 50 அவர்களுக்கு அதிகம். 30-ஐச் சுற்றி வைத்து, குளிர் கூடக் கூட இன்னும் குறைக்க வேண்டும். ஜன்னல் ஓரத்தில் பனிக்கட்டி கட்டினால் ஹியுமிடிஃபையரைக் குறைக்கச் சொல்லுங்கள்.

20. "எல்லாம் செஞ்சாச்சு, மீட்டர் 50தான். ஆனா ஒரு மூலை மட்டும் காயவே மாட்டேங்குது."

இப்போதுதான் ஒழுக்கைச் சந்தேகப்பட வேண்டும். ஒரு தாளில் இரண்டு வாரம் குறித்துவையுங்கள்: மழை நாளில் கூடுகிறதா, குளிர் நாளில் கூடுகிறதா? காய்ந்த, கடுங்குளிர் நாளில் கூடினால் நம் ஈரம்தான், அந்த மூலைக்குக் காற்றும் சூடும் போகவில்லை. மழை பெய்த மறுநாள் கூடினால் வெளியே போய்ப் பாருங்கள்: அடைத்த கூரை வாய்க்கால், சட்டத்தைச் சுற்றிய விரிசல், உடைந்த குழாய். பழுப்பு விளிம்போடு கறை இருந்தால் பெரும்பாலும் வெளித்தண்ணீர். அது வீட்டுக்காரர் வேலை, 18-ஐப் பாருங்கள்.

21. "புது ஜன்னல் போட்டோம். இப்ப வெளிப்பக்கம் பனி படியுது. ஏமாத்திட்டாங்களா?"

இல்லை. தெளிந்த வானம் உள்ள இலையுதிர்கால இரவுகளில் கண்ணாடியின் வெளிப்பக்கம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. பழைய ஜன்னலில் வீட்டுச் சூடு கசிந்து அதைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. புதியதில் கசிவதில்லை, அதனால் காரின் மேல் படிவது போல அதன் மேலும் பனி படிகிறது. வெயில் ஏறினால் ஒன்பது, பத்து மணிக்குள் போய்விடும். உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், காய்ந்திருக்கும்.